நாலாம் படியில் என் பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆவி பறக்கும் குழம்பிலிருந்து ஒரு நண்டை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்து, உடைப்பதற்கு முன்னால் அதைச் சற்று நேரம் உற்றுப் பார்ப்பார் என் மாமனார். கடலோரத்துக் கிள்ளை கிராமத்திலிருந்து காலையில் வந்த நண்டு. ஓடு சிவந்து, இரண்டு கண்களும் குச்சியில் செருகியதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும். "நாலறிவு," என்பார். அதற்குப் பிறகுதான் கொடுக்கைக் கடிப்பார். அவர் தட்டில் விழும் எல்லாவற்றுக்கும் இப்படி ஓர் எண் உண்டு. கீரை ஓரறிவு. வயலிலிருந்து யாராவது நத்தை கொண்டுவந்து கொடுத்தால் அது ஈரறிவு. சர்க்கரை டப்பாவில் ஏறிய எறும்பைத் தட்டிவிடும்போது, "மூணறிவு, மோப்பம் பிடிச்சு வந்திருக்கு," என்பார். ஆட்டுக்கறி ஐந்தறிவு. கல்யாணமாகி வந்த புதிதில் இதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். பிள்ளை பிறந்த பிறகு அந்த எண்களைக் கேட்டாலே எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன்.

அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக்காரர்; வேலைக்காகச் சிதம்பரம் வந்து, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வீடு கட்டி மாடியில் குடியிருந்தார். அத்தை நான் அந்த வீட்டுக்குள் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். என் கணவருக்கு மஸ்கட்டில் வேலை. ஆகவே அந்த வீட்டில் மாமா, நான், என் மகன் என்று மூன்றே பேர். நல்ல மனிதர். எனக்கு ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. காய் நறுக்கித் தருவார், கொடியில் துணி காயப்போடுவார். அவரைப் பற்றி எழுதும்போது இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. சொல்லாவிட்டால், பின்னால் எழுதப்போவதை வைத்து யாராவது அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடுவார்கள். நானே சில நாட்கள் அப்படி நினைத்தேன்.

உயிர்களை அறிவைக் கொண்டு அடுக்கிய பழைய இலக்கணக்காரர்களின் கணக்குதான் அவர் சொன்னது. தொட்டால் உணர்வது புல்லும் மரமும். அதோடு சுவையும் தெரிந்தால் நத்தை, சிப்பி. மூக்கும் சேர்ந்தால் எறும்பு. கண்ணும் சேர்ந்தால் நண்டு. காதும் சேர்ந்தால் ஆடு, மாடு. அதற்கு மேல் மனம் என்ற ஆறாவது அறிவு. அது வாய்த்தவர்கள் மக்கள். மற்ற நாடுகளிலும் கல், செடி, விலங்கு, மனிதன், தேவதூதன், கடவுள் என்று எல்லாவற்றையும் ஒரே ஏணியில் ஏற்றி வைத்திருந்தார்கள் என்று பின்னால் படித்தேன். மனிதர்கள் எங்கும் ஒரேபோலத்தான் பயந்திருக்கிறார்கள் போலிருக்கிறது: தங்களுக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் தூக்கம் வரும். மனிதர்களுக்குள்ளேயே யார் "வாங்க", யார் "வாடா" என்று அந்த ஏணி மேலும் நீண்டதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாமா ஏணியின் உச்சியைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறும். "மக்கள், தேவர், நரகர். இந்த மூணு பேரும்தான் உயர்திணை. மற்றதெல்லாம் அஃறிணை."

"நரகர்னா யாரு மாமா?"

"நரகத்துல கிடக்கிறவங்கம்மா."

"அவங்களுமா உயர்திணை?"

"பின்னே? நரகர் வந்தார்னுதான் சொல்லணும்."

அதையே அவர் சொன்ன இன்னொரு விதியோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறுத்தியது. தமிழில் குழந்தை அஃறிணை. குழந்தை வந்தது, குழந்தை அழுதது. பாவம் செய்து நரகத்தில் வேகிறவர் "வந்தார்". தொட்டிலில் கிடக்கிற பிள்ளை "வந்தது". எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம், யாருக்கும் வலிப்பதில்லை. பேச ஆரம்பித்ததும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நம் வாயில் அது அவனாகிவிடுகிறது. என் மகன் ஆகவில்லை. அவன் வயதுப் பிள்ளைகள் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இவனிடமிருந்து ஒரு "ம்மா" கூட ஒழுங்காக வரவில்லை. மாமா தினமும் காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்பார், "ஏம்மா, அது எழுந்ததா? அது பால் குடித்ததா?" இலக்கணப்படி சரியான கேள்வி. எனக்கோ ஒவ்வொரு "அது"வும் ஒரு தீர்ப்பாகக் கேட்டது. ப்ளே ஸ்கூலில் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, "பேச்சு வந்ததும் கூட்டிட்டு வாங்க மேடம்," என்று அனுப்பிய அன்று, தெருவில் அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது எனக்குள் மாமாவின் ஏணிதான் ஓடியது. ஐந்தா, ஆறா? என் பிள்ளையையே நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் கடலூர் பக்கத்துக் குடிகாட்டிலிருந்து, நான் பிறந்த ஊரிலிருந்து, என் அம்மா வந்திருந்தாள். எங்கள் பக்கத்துப் பேச்சில் எல்லோருமே "அது"தான். அப்பா வந்துச்சு, அக்கா சொல்லிச்சு, பெரிம்மா சிரிச்சுச்சு. கல்யாணத்துக்குப் பிறகு மாமா முன்னால் அப்படிப் பேசாமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அம்மா அதற்கெல்லாம் கவலைப்படுகிறவள் இல்லை. பேரனை மடியில் போட்டுக்கொண்டு, "விடுடி, பேசும். உங்கண்ணன் கூட லேட்டாத்தான் பேசுச்சு. இப்ப வாயை மூடுதா?" என்றாள்.

மாமா நாற்காலியிலிருந்தபடியே சொன்னார். "சம்பந்தியம்மா வீட்டுல மனுசங்களே இல்லை போலிருக்கு. எல்லாம் அஃறிணை."

"எங்களுக்குப் பாசம்னா வந்துச்சு, போச்சுதான் சம்பந்தி. எட்டி நிக்கிறவங்களைத்தான் வந்தாரு, போனாரும்போம்."

"அப்படியா? என்னை எப்படிச் சொல்வீங்க?"

"உங்களை வந்தாருன்னுதான் சொல்றோம்," என்றாள் அம்மா, முகத்தை மாற்றாமல்.

நான் காப்பி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். மாமா அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தொண்டைக்குள்ளேயே சிரித்தார். அம்மா சொன்னதும் "அது", மாமா சொன்னதும் "அது". ஒன்று குளிர்ந்தது, ஒன்று சுட்டது. சுட்டது மாமாவின் சொல்லா, என் காதா என்று அன்றும் தெரியவில்லை.

டாக்டரிடம் கூட்டிப் போகலாமா என்று மாமாவிடம் கேட்டிருந்தேன். "எல்லாம் படிப்படியாத்தான் வரும்மா. ஒரு படியைத் தாண்டி இன்னொண்ணுல ஏற முடியாது. காத்திரு," என்றார். கணவரைக் கேட்டால், "அப்பா சொன்னா சரியா இருக்கும், நீ டென்ஷன் ஆகாதே," என்றார் போனில். நான் காத்திருந்தேன். காத்திருப்பது என்று சொல்கிறேனே தவிர, ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு அவன் வாயைப் பார்க்கப் போவேன், பால் பொங்கிவிடும்.

என் நிலை மாமாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் மத்தியானம், "வாம்மா, பார்த்துடலாம்," என்று அவனைக் கூடத்தில் மொசைக் தரையில் உட்கார வைத்தார். பரீட்சை நடத்தும் முகம். ஈரத் துண்டை உள்ளங்காலில் வைத்தார். அவன் காலை இழுத்துக்கொண்டான். "ஒண்ணு." எலுமிச்சை ஊறுகாயை நாக்கில் தடவினார், முகம் சுருங்கியது. "ரெண்டு." பெருங்காய டப்பாவை மூக்கருகே திறந்தார், கையால் தள்ளினான். "மூணு." பீரோ சாவிக்கொத்தைப் பக்கவாட்டில் ஆட்டினார், கண்கள் கூடவே போயின. "நாலு." பிறகு அவனுக்குப் பின்னால் போய் நின்று, எவர்சில்வர் தாம்பாளத்தைத் தரையில் போட்டார். வீடே அதிர்ந்தது. பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். "அஞ்சும் இருக்கு," என்றார் மாமா. அவர் நெற்றியில் வியர்வை நின்றது. "ஆறு மட்டும்தான் பாக்கி. வந்துடும்மா, கவலைப்படாதே." எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்று ராத்திரி மஸ்கட்டுக்கு போன் போட்டுச் சொன்னேன்கூட.

ஆனால் நான் எதையும் ஒரு தடவையோடு விடுகிறவள் இல்லை. கேஸை மூடினேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பவள். பஸ் ஏறிய பிறகு பூட்டை நினைத்துக் கலங்குபவள். என் வீட்டில் இதை வியாதி என்றுதான் சொல்வார்கள். அந்தத் தாம்பாளம் விழுந்தபோது என் பாதத்துக்கு அடியிலும் தரை அதிர்ந்ததே என்பது மறுநாள் பாத்திரம் தேய்க்கும்போது ஞாபகம் வந்தது. அவன் திரும்பியது சத்தத்துக்கா, அதிர்வுக்கா? கையைக்கூடத் துடைக்காமல் அறைக்குப் போனேன். அவன் கட்டிலில் இலவம்பஞ்சு மெத்தைமேல், எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டேன். கை தட்டினேன். பிஸ்கட் டப்பாவையே குலுக்கினேன், அந்தச் சத்தத்துக்கு எந்தப் பிள்ளையும் திரும்பும். அவன் மென்றுகொண்டிருந்தான். தின்னும் கவனத்தில் இருக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிஸ்கட் தீர்ந்த பிறகு மறுபடி கூப்பிட்டேன். ஜன்னலில் வெயில் விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இத்தனை நாள் நான் கூப்பிட்டபோதெல்லாம் அவன் என் முகத்தைப் பார்த்து வந்தவன், குரலைக் கேட்டு வந்தவன் இல்லை. ரயில் போகும்போதெல்லாம் அவன் எழுந்து ஜன்னலுக்கு ஓடியதும் சத்தத்துக்கு இல்லை, கால் வழியே ஏறிய நடுக்கத்துக்கு. எல்லாம் ஒன்றின் பின் ஒன்றாக விளங்கிக்கொண்டே வந்தது. மாமா வைத்த பரீட்சை தவறு என்று அவரிடமே எப்படிச் சொல்வது? வாழ்நாளெல்லாம் பரீட்சைத்தாள் திருத்திய மனிதர். அவர் அறை வாசல்வரை போய் இரண்டு தடவை திரும்பினேன். மூன்றாவது தடவை, "மாமா, மெத்தை மேல வெச்சு ஒரு தடவை பாருங்களேன்," என்றேன்.

அவர் எதுவும் கேட்காமல் வந்தார். கட்டிலைத் தொடாமல் பின்னால் நின்று "தம்பி" என்றார். கொஞ்சம் உரக்க, "தம்பி." பிறகு வகுப்பறைக் குரல். கடைசி பெஞ்சு வரைக்கும் அடங்கிப்போகும் என்று அவருடைய பழைய மாணவர்கள் சொல்வார்களே, அந்தக் குரலை அன்றுதான் நான் கேட்டேன். கீழ்வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோவென்று படியேறி வந்துவிட்டார்கள். பிள்ளை போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான். மாமா கையை நீட்டி அவன் முதுகைத் தொட்டார். அவன் திரும்பினான், அவரைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரித்தான்.

"இவனுக்குக் கேக்கலம்மா," என்றார் மாமா.

எதைச் சொன்னாலும் குரல் பிசகாதவர். அன்று அந்தச் சொல் உடைந்து வந்தது. நான் கவனித்தது அதை அல்ல, அதற்கு முந்திய சொல்லை. இவனுக்கு. அதுவரை அவர் வாயிலிருந்து வராத சொல். அவர் நம்பிய ஏணியில் என் மகன் அந்த நிமிடத்தில் ஒரு படி சறுக்கி நாலாம் படிக்குப் போயிருந்தான்: தொடுகை, சுவை, மணம், பார்வை, அவ்வளவுதான். நண்டு நிற்கிற படி. அங்கே வைத்துத்தான் அவர் அவனை "இவன்" என்றார். ஏன்? இரக்கமா? பதற்றத்தில் தவறிவிட்டதா? திணை தவறுகிற மனிதரா அவர்? இன்றுவரை எனக்கு ஒரு முடிவுக்கு வரத் தெரியவில்லை.

மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவரே கிளம்பிவிட்டார். கடலூர் பஸ்ஸில் பிள்ளையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். குடிகாடு நெருங்கும்போது ரசாயனக் கம்பெனிகள் பக்கத்திலிருந்து மருந்து வாடை ஜன்னல் வழியாக வந்தது; அவன் மூக்கைச் சுளித்தான். எனக்கு அது பிறந்த ஊர் வாசனை, உறைக்கவே உறைக்காது. மற்ற நாளாக இருந்தால், "உங்க ஊர்க்காரங்களுக்கு மூணாவது அறிவு போய் ரொம்ப நாளாச்சு," என்று மாமா சீண்டியிருப்பார். அன்று துண்டால் பிள்ளையின் மூக்கை மூடினார், அவ்வளவுதான். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கிளினிக்கில் காதைச் சோதித்தார்கள். இரண்டு காதும் மிகக் குறைவு, மெஷின் வைத்தால் கேட்கும், பயிற்சி கொடுத்தால் பேச்சும் வரும் என்றார் டாக்டர். இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாமா என்று கேட்டேன். "வந்திருக்கலாம். இப்பவும் மோசமில்ல," என்றார். நான் தரையைப் பார்த்தேன். மாமா டாக்டரைப் பார்த்து, "காத்திருக்கச் சொன்னது நான்தான் சார். இது கேட்டுக்கிட்டே இருந்துச்சு," என்றார். என்னைத்தான் சொன்னார். எங்கள் குடிகாட்டுப் பேச்சில்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நண்டு வந்தது. மாமா எடுத்து, உடைத்து, சாப்பிட்டார். எண் சொல்லவில்லை. நான் கரண்டியோடு காத்திருந்தேன். "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தும்மா," என்றார்.

பிறகு மெஷின் வந்தது. முதல் நாள் அதை மாட்டியதும் மின்விசிறிச் சத்தத்துக்கே பிள்ளை அழுதான். மாமா தினமும் அவனை மாடி வராந்தாவில் உட்கார வைத்துக் கண்ணில் படுவதையெல்லாம் பேர் சொல்லிக்கொண்டிருந்தார். காக்கை, கம்பி, சைக்கிள், தேங்காய்க்காரர். அவன் பதிலுக்கு ஒரு சொல் சொல்வதற்கு முன்னால், ஒரு விடியற்காலையில், தூக்கத்திலேயே மாமா போய்விட்டார். ஐஸ்பெட்டியைச் சுற்றி உறவுக்காரர்கள் நின்று, "பாடியை எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க? முகம் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார்கள். முந்தின நாள்வரை வந்தார், போனார். உயிர் போனதும் மனிதரும் அஃறிணை. பிறந்த பிள்ளைக்கும் இறந்த உடம்புக்கும் தமிழில் ஒரே படி. அவரிடம் கேட்டிருந்தால் இதற்கும் ஒரு விதி சொல்லியிருப்பார். கேட்க வேண்டியது அது ஒன்றுதான் என்பதும் இல்லை. ஏன் மாமா அன்றைக்கு இவன் என்றீர்கள் என்று ஒரு நாள் கேட்டிருக்கலாம். மருமகள் மாமனாரிடம் கேட்கிற கேள்வியா அது என்று தயங்கியே நாட்களைக் கடத்திவிட்டேன்.

இப்போது என் மகன் பேசுகிறான். எழுத்துகள் சில தேய்ந்து வரும், ஆனால் வாக்கியமாகவே பேசுகிறான். ஒரே ஒரு வினோதம். பயிற்சி கொடுக்கும் மேடம் "அம்மா வந்தாங்க, அப்பா வந்தாங்க" என்று மரியாதையாகச் சொல்லிக்கொடுத்ததை அவன் உலகம் முழுவதற்கும் விரித்துவிட்டான். நாய் வந்தாங்க. பஸ் போயிட்டாங்க. மழை வராங்க. கரண்ட் வரலை, இன்னும் தூங்குறாங்க. போனில் கேட்ட என் அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மழைக்கு மரியாதை கொடுத்துச்சுடி எம்பேரன்! உங்க மாமா இருந்திருந்தா மயக்கம் போட்டிருப்பாரு." மேடம் சிரிக்கவில்லை. "ஸ்கூல்ல சேர்க்கப் போறீங்க. இப்ப திருத்தலைன்னா அப்படியே நின்னுடும். மத்தப் பிள்ளைங்க கேலி பண்ணுவாங்க," என்றார். நாளைக்கு ஸ்கூலுக்கு அவனைக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள். படம் காட்டிக் கேள்வி கேட்பார்களாம். ஏற்கெனவே ஒரு தடவை வாசலோடு அனுப்பப்பட்டவன்.

அதனால் இன்று சாயங்காலம் வராந்தாவில் நிற்க வைத்துத் திருத்தினேன். "நாய் வந்தது. சொல்லு." என் வாயை உற்றுப் பார்த்தான். "நாய் வந்தாங்க." "வந்தாங்க இல்ல கண்ணு. வந்தது." அவன் நெற்றியைச் சுருக்கினான். தப்பு எங்கே என்று புரியாத முகம். மாடு, காக்கா, பஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிக் கடைசியில், "நாய் வந்தது," என்று ஓர் எழுத்தும் தேயாமல் சொன்னான். நான் கை தட்டினேன். தட்டிய கை பாதியில் நின்றுவிட்டது. யார் எந்தப் படி என்று தெரியாதிருந்த பிள்ளைக்கு அந்த ஏணியை நானே தூக்கி நட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொடுக்காமலும் இருக்க முடியாது. கீழே நின்றவனை ஏணி தெரியாதவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், வேறு பேர் சொல்வார்கள்.

அவன் எதிர்வீட்டுக் கைக்குழந்தையைக் காட்டினான். "பாப்பா?" "பாப்பா வந்துச்சு," என்றேன், அம்மாவைப்போல. பிறகு தன் நெஞ்சில் விரலை வைத்தான்.

"நான்?"

வந்தது, வந்தான், வந்தாங்க என்று வாய்க்குள் ஓடிய எதுவும் பொருந்தவில்லை. "நான் வந்தேன்," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்தச் சொல்லுக்குத் திணை இல்லை. நாய்க்குப் பேச வந்தால் அதுவும் வந்தேன் என்றுதான் சொல்லும். தேவரும் நரகரும் அதையேதான் சொல்ல வேண்டும். படியெல்லாம் பிறர் வாயால் சொல்லப்படுகிறவர்களுக்குத்தான். மாமாவுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் ஏன் என்னிடம் சொல்லவில்லை? ஒரு நாள் தன்னைத் தானே "நான்" என்று சொல்லப்போகிறவன்தானே என்றுதான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து காக்கை, கம்பி என்று சொல்லிக்கொண்டிருந்தாரா? நான் இதை நினைத்துக்கொண்டு நிற்கும்போதே பிள்ளை தடதடவென்று படியிறங்கி ஓடிவிட்டான். பதறிப்போய், கேட் பூட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதற்குள் மேலே ஏறி வந்து, காற்றில் சாத்திக்கொண்ட கதவைத் தட்டினான். திறந்தேன்.

"அம்மா, நான் வந்தேன்."

சொல்லிவிட்டு மறுபடி கீழே ஓடினான். மறுபடி தட்டினான். நாளைக்கு அந்த ஸ்கூலில், முன்பின் தெரியாதவர்கள் முன்னால், நாயை என்னவென்று சொல்வானோ தெரியாது. இந்தக் கதவை அவன் தட்டத் தட்ட நான் திறந்துகொண்டே இருந்தேன்.